விழுந்தால் யாருக்குத் தெரியும்? முதியவர்களுக்கான அவசர அழைப்புக் கருவி: வாங்கும் முன்னும் மாட்டிய பின்னும்

அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த முதல் அவசர பட்டன் எட்டு மாதம் மேஜை இழுப்பறையில் கிடந்தது. கழுத்தில் மாட்டும் வகை, நல்ல கருவி, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர் பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்த அன்று அது பக்கத்து அறையில் முழு சார்ஜோடு இருந்தது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தரையிலேயே கிடந்திருக்கிறார். எலும்பு எதுவும் உடையவில்லை, நல்ல வேளை. ஏன் மாட்டவில்லை என்று பிறகு கேட்டதற்கு, "அதைப் போட்டா சீக்காளி மாதிரி இருக்குடா" என்றார்.

அந்த ஒரு வரியில்தான் இந்த முழு விஷயமும் இருக்கிறது. 2008 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. கேம்பிரிட்ஜில் 90 வயது தாண்டிய 110 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். அதில் 66 பேர் விழுந்தார்கள், அவர்களில் 53 பேருக்கு ஒரு முறையாவது தானாக எழ முடியவில்லை, 20 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்தார்கள். பலரிடம் அழைப்புக் கருவி இருந்தது. ஆனால் அப்படி நெடுநேரம் கிடந்த பெரும்பாலான சமயங்களில் அது பயன்படுத்தப்படவே இல்லை. சிலர் மாட்டியிருக்கவில்லை, சிலர் அழுத்த முயன்று முடியாமல் போனது, சிலர் வேண்டாம் என்று முடிவு செய்தே அழுத்தாமல் இருந்தார்கள்.

நெடுநேரம் கிடப்பது ஏன் இவ்வளவு மோசம்? கடினமான தரையில் ஒரே பக்கம் அழுந்திக் கிடந்தால் தசைகள் நசிந்து, அவற்றிலிருந்து ரத்தத்தில் கலப்பவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். தோல் புண்ணாகும், உடலில் நீர் வற்றும், உடம்புச் சூடு இறங்கும். விழுந்ததால் வந்த அடியைவிடக் கிடந்ததால் வந்த கேடு பெரிதாகிவிடுவது உண்டு. ஆகவே கருவி என்பது விழுவதைத் தடுக்க இல்லை, தரையில் கிடக்கும் நேரத்தைக் குறைக்க. இதை மனதில் வைத்துக்கொண்டால் எதை வாங்குவது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 1: முதலில் நீங்கள் தரையில் படுங்கள்

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரியவர் வசிக்கும் வீட்டில் படுக்கையறை, பாத்ரூம், சமையலறை, மாடிப்படி அடி, பின்வாசல் என்று ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் தரையில் படுத்துப் பாருங்கள். அங்கிருந்து ஃபோன் எட்டுமா? சத்தம் போட்டால் அடுத்த வீட்டில் கேட்குமா? பாத்ரூம் கதவு உள்பக்கம் திறக்கும் வகை என்றால், விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வருகிறவர் தள்ளித் திறக்க முடியாது. நின்றுகொண்டு பார்க்கும்போது இது கண்ணில் படாது.

பாத்ரூமில் இழுக்கும் கயிறு வைத்த அலாரம் பல இடங்களில் உண்டு. அந்தக் கயிறு தரை வரை தொங்க வேண்டும். ஆனால் துடைக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று யாராவது அதைச் சுருட்டி மேலே கட்டிவிடுவார்கள், அத்தோடு அதன் வேலை முடிந்தது. உங்கள் வீட்டில் அப்படிக் கட்டியிருந்தால் இந்தப் பத்தியை முடித்ததும் போய் அவிழ்த்துவிடுங்கள்.

படி 2: யார் வருவார்கள், எப்படி உள்ளே வருவார்கள்

கருவியைத் தேடுவதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். எல்லோரும் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள், அல்லது யோசிப்பதே இல்லை. வேறு ஊரில், சில சமயம் வேறு நாட்டில் இருக்கும் மகன் பெயர்தான் முதல் எண்ணாக இருக்கும். இரவு இரண்டு மணிக்கு அந்த மகன் என்ன செய்வான்? யாரையாவது தேடி ஃபோன் செய்வான், அவ்வளவுதான்.

மூன்று நான்கு பேர் கொண்ட பட்டியல் ஒன்று வேண்டும். முதலில் இருப்பவர் பாசத்தில் நெருங்கியவராக இருக்க வேண்டும் என்றில்லை, தூரத்தில் நெருங்கியவராக இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் நடந்தே வந்துவிடக்கூடிய அடுத்த வீட்டுக்காரர் முதலில், பக்கத்தில் வசிக்கும் உறவினர் இரண்டாவது, நீங்கள் அதற்கு அடுத்து. அவர்களிடம் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். சும்மா "எதாவதுன்னா பாத்துக்கோங்க" என்று சொல்வது போதாது, இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எந்த நேரமானாலும் எடுக்க முடியுமா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். முடியாது என்று சொன்னால் கோபப்பட வேண்டாம், உண்மையைச் சொன்னாரே என்று நன்றி சொல்லுங்கள்.

அடுத்தது சாவி. பட்டன் அழுத்தியாயிற்று, ஆளும் வந்தாயிற்று, கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது என்றால் என்ன பயன்? எண் போட்டுத் திறக்கும் சிறு சாவிப்பெட்டியைச் சுவரில் பொருத்தலாம், அல்லது அடுத்த வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைக்கலாம். இரண்டில் எது செய்தாலும் உள் தாழ்ப்பாளையும் சங்கிலியையும் மறக்காதீர்கள். வெளியிலிருந்து சாவியால் திறக்க முடியாத எதையும் இரவில் போடக்கூடாது, அதற்குப் பதில் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கும் ஒரு நல்ல பூட்டு போடுங்கள். தனியாக இருப்பவருக்குத் திருடன் பயம் இயல்பு, அதைக் கேலி செய்து தாழ்ப்பாளை மட்டும் கழற்றினால் அடுத்த நாளே நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிடுவார்.

படி 3: எந்த வகைக் கருவி

இந்தக் கருவிகள் புதிதல்ல. 1970களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹோர்மன் வீட்டு அவசர அழைப்பு முறை ஒன்றை உருவாக்கினார், அமெரிக்காவில் ஆண்ட்ரூ டிப்னர் 1974 இல் லைஃப்லைன் நிறுவனத்தைத் தொடங்கினார். ஃபோன் லைனில் இணைந்த ஒரு பெட்டி, உடம்பில் ஒரு பட்டன், மறுமுனையில் ஆள். அடிப்படை இன்றும் அதேதான், மேலே பூசிய வண்ணம்தான் மாறியிருக்கிறது.

வீட்டுக்குள் மட்டும் வேலை செய்யும் வகையில் ஒரு பெட்டியும் கழுத்திலோ கையிலோ மாட்டும் பட்டனும் வரும். பட்டனில் உள்ள பேட்டரி பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் தாங்கும், தினமும் சார்ஜ் போடும் தொல்லை இல்லை. அதிகம் வெளியே போகாதவர்களுக்கு இதுதான் என் முதல் தேர்வு. குறை என்னவென்றால் பேச்சு அந்தப் பெட்டியின் ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும், பாத்ரூமில் கிடப்பவருக்கு ஹாலில் இருந்து பேசுவது கேட்காது. பட்டனிலேயே மைக்கும் ஸ்பீக்கரும் உள்ள மாடல்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கு அடிக்கடி சார்ஜ் வேண்டும்.

நடைப்பயிற்சி, கடை, கோயில், நண்பர் வீடு என்று வெளியே போகிறவருக்கு சிம்மும், இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ்ஸும் உள்ள, கழுத்தில் தொங்கும் பென்டன்ட் சரி. ஜிபிஎஸ்ஸை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். திறந்தவெளியில் துல்லியமாகக் காட்டுவது அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் போனால் தடுமாறும், எந்த மாடி என்று சொல்லவே தெரியாது.

ஸ்மார்ட் வாட்ச் பார்ப்பதற்குச் சாதாரண வாட்ச் போல இருப்பதால், "சீக்காளி மாதிரி" என்ற பேச்சுக்கு இடம் இருக்காது. ஆப்பிள் வாட்சில் 2018 இல் வந்த சீரீஸ் 4 முதல் விழுவதை உணரும் வசதி உண்டு. பலமாக விழுந்து சுமார் ஒரு நிமிடம் அசைவில்லாமல் இருந்தால் கையில் தட்டி, சத்தம் எழுப்பி, 30 விநாடி எண்ணி, அவசர உதவிக்குத் தானே அழைக்கும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பதிவில் வயது 55 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால்தான் இந்த வசதி தானாக எந்நேரமும் இயங்கும். பிள்ளைகள் அவசரத்தில் தங்கள் கணக்கிலேயே, தங்கள் பிறந்த தேதியிலேயே வாட்சை அமைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்திருந்தால் இப்போதே செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். இன்னொன்று, சிம் இணைப்பு இல்லாத வாட்ச் பக்கத்தில் ஃபோனோ தெரிந்த வைஃபையோ இல்லாமல் யாரையும் கூப்பிடாது. தினசரி சார்ஜ் என்பதும் சிறு விஷயமில்லை. ஃபோனையே சார்ஜ் போட மறக்கிறவர் வாட்சுக்கு மட்டும் போடுவார் என்று நம்ப வேண்டாம்.

கையில் இருக்கும் ஃபோன் போதாதா என்று கேட்பீர்கள். ஐஃபோனில் பக்கவாட்டு பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போகும், ஆண்ட்ராய்டு 12 முதல் பல ஃபோன்களில் பவர் பட்டனை வேகமாக ஐந்து முறை அழுத்தினால் போகும். இவற்றைக் கண்டிப்பாக அமைத்து வையுங்கள், செலவில்லாத விஷயம். ஆனால் விழும்போது ஃபோன் கையில் இருக்காது. அதனால் இது கூடுதல் பாதுகாப்பு மட்டுமே.

மறதி நோய் உள்ளவருக்கு எந்த பட்டனும் சரிவராது. பட்டன் எதற்கு என்பதே அவருக்கு நினைவிருக்காது, அல்லது ஒரு நாளைக்கு இருபது தடவை அழுத்துவார். அங்கே அவர் எதுவும் செய்யத் தேவையில்லாத கருவிகள் வேண்டும்: கட்டிலை விட்டு எழுந்தால் சொல்லும் விரிப்பு, வாசற்கதவு திறந்தால் ஒலிக்கும் சென்சார், வழக்கமான நேரத்தில் நடமாட்டம் இல்லையென்றால் செய்தி அனுப்பும் அசைவு உணரி, சுவரில் பொருத்தி அறையில் யாரும் விழுந்தார்களா என்று ரேடார் அலையால் பார்க்கும் கருவி. கேமரா வைப்பது பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு: அவருக்குத் தெரியாமல் வைக்கக்கூடாது, படுக்கையறையிலும் பாத்ரூமிலும் தெரிந்தும் வைக்கக்கூடாது.

வெளியில் யாராவது வழிமறித்துவிடுவார்கள் என்ற பயத்துக்குக் கையடக்க சைரன் இருக்கிறது, ஊசியை இழுத்தால் காதைப் பிளக்கும் சத்தம் வரும். அது யாருக்கும் ஃபோன் செய்யாது, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில்தான் பயன். விழுந்தால் அழைக்கும் கருவிக்கு அதை மாற்றாக நினைக்காதீர்கள்.

படி 4: பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

பட்டன் அழுத்தினால் அழைப்பு யாருக்குப் போகும்? 24 மணி நேரமும் ஆள் இருக்கும் கண்காணிப்பு மையத்துக்கா, நீங்கள் கொடுத்த எண்களுக்கா? மையம் என்றால் மாதக் கட்டணம் இருக்கும், ஆனால் உங்கள் பட்டியலில் ஒருவரும் எடுக்காத இரவிலும் ஒரு மனிதர் எடுப்பார். அருகில் உறவு இல்லாதவருக்கு நான் மையத்தையே சொல்வேன். அந்த மையத்தில் இருப்பவர்கள் பெரியவர் பேசும் மொழியில் பேசுவார்களா என்பதையும் கேளுங்கள். வலியில் இருப்பவர் தாய்மொழிக்குத் திரும்பிவிடுவார், எவ்வளவு நன்றாக வேறு மொழி தெரிந்திருந்தாலும்.

எந்த நெட்வொர்க்கில் வேலை செய்கிறது? இது அலுப்பான கேள்வி, ஆனால் முக்கியம். அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 2022 இல் 3ஜி சேவையை நிறுத்தியபோது அதை நம்பியிருந்த பழைய கருவிகள் பயனற்றுப் போயின. பிரிட்டனில் பழைய தொலைபேசி வலைப்பின்னலை 2027 ஜனவரிக்குள் மூட இருக்கிறார்கள், அதில் இணைந்த பெட்டிகளையும் மாற்றியாக வேண்டும். தள்ளுபடியில் கிடைக்கிறது என்று 2ஜி, 3ஜி மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். குறைந்தது 4ஜி, அதிலும் குரல் அழைப்பே 4ஜியில் போகும் வகை. இணையத்தில் இணையும் பெட்டி என்றால் கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள். பெட்டிக்குள் பேட்டரி இருந்து, ரவுட்டருக்கு இல்லாவிட்டால் பெட்டியின் பேட்டரி இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

தண்ணீர் தாங்குமா? ஐபி 67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். குளிக்கும்போது கழற்ற வேண்டிய கருவியை நான் வாங்க மாட்டேன், வழுக்கும் இடமே அதுதானே.

விழுந்தால் தானே கண்டுபிடிக்குமா? கண்டுபிடிக்கும், பல சமயம். திடீர் வேகம், அதைத் தொடரும் மோதல், பிறகு அசைவின்மை என்ற கணக்கில் அது இயங்குகிறது. சிலவற்றில் உயரம் குறைந்ததைக் காற்றழுத்தத்தை வைத்தும் பார்க்கிறார்கள். நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்து உட்கார்ந்தால், சுவரைப் பிடித்தபடியே வழுக்கி இறங்கினால் பல கருவிகளுக்குத் தெரியாது. முதியவர்கள் விழுவதில் இப்படி மெல்லச் சரிவதும் நிறைய. அதனால் தானே கண்டுபிடிக்கும் கருவி இருந்தாலும் முடிந்தால் பட்டனை அழுத்து என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கழுத்துக் கயிறு இழுத்தால் அவிழும் வகையா என்று பாருங்கள். கட்டிலின் கம்பியிலோ கைப்பிடியிலோ மாட்டிக்கொண்டால் அவிழாத கயிறு கழுத்தை இறுக்கிவிடும். பேஸ்மேக்கர் பொருத்தியவர் என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டே நெஞ்சருகே தொங்கும் எதையும் வாங்குங்கள். ஃபோன், ஸ்மார்ட் வாட்ச் போன்றவற்றை அதிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்வது வழக்கம்.

"உங்களுக்கு இலவசமாக ஒரு அவசரக் கருவி ஒதுக்கப்பட்டிருக்கிறது" என்று தானாக வரும் ஃபோனை நம்பாதீர்கள். வங்கி விவரம் பிடுங்கும் வேலை அது.

படி 5: அமைப்பது

இது ஒரு மதியம் பிடிக்கும் வேலை, பொறுமையாகச் செய்யுங்கள். சிம் போடும் வகை என்றால் முதலில் சிம்மின் ரகசிய எண் (PIN) பூட்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கருவி அணைந்து மறுபடி இயங்கும்போது அந்த எண்ணைக் கேட்டு அப்படியே நின்றுவிடும். ரீசார்ஜ் தேதியை உங்கள் ஃபோனில் நினைவூட்டலாக வையுங்கள்.

அப்புறம் இந்த வாய்ஸ்மெயில், எடுக்காத அழைப்புக்குக் குரல் செய்தியைப் பதிந்துகொள்ளும் வசதி. பட்டியலில் முதல் ஆள் எடுக்காமல் அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குப் போனால், யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சில கருவிகள் நினைத்து அடுத்த எண்ணுக்குப் போகாமல் நின்றுவிடும். எடுத்தவர் ஓர் எண்ணை அழுத்தி உறுதி செய்தால்தான் நிற்கும் வசதி உள்ள கருவி நல்லது. அது இல்லையென்றால் பட்டியலில் உள்ள எல்லோருடைய வாய்ஸ்மெயிலையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் கருவியின் எண்ணைப் பெயரோடு பதிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தெரியாத எண் என்று துண்டித்துவிடுவார்கள். ஃபோன் சைலன்ட்டில் இருந்தாலும் அந்த எண்ணுக்கு மட்டும் ஒலிக்கும்படி செய்ய முடியும், உங்கள் ஃபோனில் முதலில் செய்துவிட்டு மற்றவர்களுக்கும் கூட இருந்து செய்து கொடுங்கள். சொன்னால் செய்வார்கள் என்று விட்டால் செய்ய மாட்டார்கள்.

கடைசியாக ஒரு தாள். என்னென்ன நோய், என்ன மாத்திரை எந்த அளவு, எதற்கு ஒவ்வாமை, மருத்துவர் யார் என்று பெரிய எழுத்தில் எழுதி வாசலருகே ஒட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை முதல் வரியில் எழுதுங்கள். ஃபோனின் பூட்டிய திரையிலேயே தெரியும் மருத்துவத் தகவல் பகுதியிலும் இதை நிரப்பிவிடலாம்.

படி 6: மாட்ட வைப்பது

எனக்கு இரண்டு மாதம் பிடித்த படி இது. பயமுறுத்திப் பார்த்தேன், பலன் இல்லை. "எங்க நிம்மதிக்காக" என்றதற்கு இரண்டு நாள் மாட்டினார், மூன்றாம் நாள் மறுபடி இழுப்பறை. கடைசியில் அவரையே தேர்வு செய்ய விட்டதுதான் வேலை செய்தது. மூன்று வகையைக் காட்டினேன், கழுத்து வேண்டாம், கைக்கு வரும் சாம்பல் நிறப் பட்டைதான் வேண்டும் என்றார், சரி என்று அதையே வாங்கினேன். என் கண்ணுக்கு அதைவிட நல்லதாகத் தெரிந்த ஒன்று இருந்தது. மாட்டிக்கொள்ளும் சுமாரான கருவியே மேல் என்று விட்டுவிட்டேன்.

பெரியவர்கள் மறுப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் வேறொரு பயம் இருக்கிறது: தெரியாமல் அழுத்திவிட்டால் எல்லோருக்கும் தொந்தரவு, ஆம்புலன்ஸ் வந்து மானம் போகும், அப்புறம் பிள்ளைகள் தனியாக இருக்க விட மாட்டார்கள். இந்தக் கடைசிப் பயம் வெளியே வராது, நீங்களாகத்தான் பேச்செடுக்க வேண்டும். அழுத்தினால் அவரை வீட்டை விட்டுக் கிளப்பப் போவதில்லை, அந்த வீட்டிலேயே தொடர்ந்து இருப்பதற்குத்தான் இது என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும். முதல் தவறான அழைப்புக்கு நீங்கள் அலுத்துக்கொண்டால் இரண்டாவது அழைப்பு, அது நிஜமாகவே இருந்தாலும், வராது.

சார்ஜ் போடும் நேரத்தை ஒரு பழக்கத்தோடு கட்டிவிடுங்கள். தூங்கும்போது கழற்றி சார்ஜ் போடுவது எல்லோருக்கும் கைவந்த வழக்கம், இங்கே அது தவறு. இரவில் பாத்ரூமுக்கு அரைத் தூக்கத்தில் எழுந்து போகும்போதுதான் கால் தடுமாறும். நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கும் நேரத்தில், கை எட்டும் தூரத்தில் வைத்து சார்ஜ் போடலாம்.

படி 7: ஒத்திகை

அமைத்த அன்றே அவரை உண்மையாகவே அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் அழுத்திக் காட்டுவது வேறு, மூட்டுவலி உள்ள விரலால் அவர் அழுத்துவது வேறு. இடது கையில் மாட்டினால் வலது கை எட்ட வேண்டும், பக்கவாதத்தால் வலது கை பலவீனமானவருக்கு அப்படி மாட்டினால் எந்தப் பலனும் இல்லை. வீட்டின் கடைசி மூலை, மாடி, வாசல், குப்பை போடும் இடம் என்று எல்லா இடத்திலிருந்தும் அழுத்திப் பார்த்து ரேஞ்ச் எங்கே முடிகிறது என்று அவருக்குக் காட்டுங்கள். கண்காணிப்பு மையம் என்றால் சோதனை என்று முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மாதம் ஒரு முறை, மறக்காத ஒரு தேதியில், இதைத் திரும்பச் செய்ய வேண்டும். முதல் தேதி எங்கள் தேதி. அம்மா அழுத்துவார், அடுத்த வீட்டு அக்கா எடுப்பார், நான் மூன்றாவதாக எடுப்பேன், பிறகு அவர்கள் இருவரும் என்னை விட்டுவிட்டு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

உண்மையான அழைப்பு வந்தால்

முதலில் குரல் கொடுத்துப் பேசுங்கள், நினைவு இருக்கிறதா என்று பாருங்கள். போனதும் கையைப் பிடித்துத் தூக்கிவிடாதீர்கள், பதறிப்போய் எல்லோரும் செய்யும் தவறு அது. எங்கே வலி, காலை அசைக்க முடிகிறதா, தலையில் அடியா என்று கேளுங்கள். இடுப்பிலோ கழுத்திலோ கடுமையான வலி இருந்தால், ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தால், மயங்கியிருந்தால், அசைக்காமல் போர்வை போர்த்தி ஆம்புலன்ஸை அழையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடி என்றால், அவர் நன்றாகப் பேசிச் சிரித்தாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும், உள்ளே ரத்தக்கசிவு மெல்லத்தான் தெரியவரும்.

அடி எதுவும் இல்லை, எழுந்திருக்கத் தெம்பும் இருக்கிறது என்றால் அவசரமில்லாமல் அவராகவே எழ விடுங்கள். ஒருக்களித்துத் திரும்பி, முழங்கையை ஊன்றி, கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழும் நிலைக்கு வந்து, உறுதியான நாற்காலியின் இருக்கையைப் பிடித்து, பலமான காலை முன்னால் வைத்து எழ வேண்டும். நீங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டால் போதும், இன்னொரு நாற்காலியைப் பின்னால் கொண்டுவந்து போட்டால் அப்படியே உட்கார்ந்துவிடலாம்.

அன்றைக்கே, எல்லாம் அடங்கிய பிறகு, அழைப்பு வந்ததற்கும் ஆள் உள்ளே நுழைந்ததற்கும் இடையே எத்தனை நிமிடம் ஆனது, எங்கே தாமதமானது என்று குறித்து வையுங்கள். எங்களுக்கு இரண்டாம் முறை 12 நிமிடம் ஆயிற்று. அதில் 7 நிமிடம், அடுத்த வீட்டில் நான் கொடுத்து வைத்திருந்த சாவியைத் தேடியதில் போனது. இப்போது அது அவர்கள் வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில், சிவப்பு நாடா கட்டித் தொங்குகிறது.